ஆச்சியின் விசாரமும் அக்காவின் மாத்திரையும்

முதல்லயே சொல்லிடறேன், இது பிரசங்கம் இல்ல. யாரையும் எங்க கோயிலுக்குக் கூப்பிடப் போறதும் இல்ல. சாமியே கிடையாதுன்னு சொல்ற நண்பர்கள் நாலைஞ்சு பேரு இங்க வழக்கமா வர்றீங்க, நீங்களும் தைரியமா படிக்கலாம் :-) கவலைப்படறதுல எனக்கு முப்பது வருஷ சர்வீஸ் இருக்கு. அந்த ஒரே தகுதியிலதான் இதை எழுதறேன்.

ராத்திரி ரெண்டரை மணிக்கு டக்குனு முழிப்பு வரும். காரணமே இருக்காது. ஃபேன் சத்தம், பக்கத்துல வீட்டம்மா மூச்சு விடுற சத்தம், தூரத்துல தாம்பரம் பக்கம் ஏதோ ரயில் கூவுற சத்தம். அப்புறம் ஒவ்வொண்ணா வந்து வரிசையில நிக்கும். கேஸ் வால்வை மூடினேனா? நேத்து போட்ட ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல ஒரு சைபர் கூடிப் போச்சோ? வீட்டுக் கடன்ல இன்னும் 74 தவணை பாக்கி, 53 வயசுல வேலை போச்சுன்னா எவன் எடுப்பான்? மக போன்ல பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்துச்சே, ஏன்? கழுத்துல இந்த மச்சம் முன்னாடியே இருந்ததுதானா?

இதுல ஒண்ணுகூட பெரிய விஷயம் கிடையாது. பெரிய விஷயம்னா ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன்னு எங்கயாவது ஓடலாம். இந்தச் சில்லறைக் கவலையை எடுத்துக்கிட்டு எங்க போறது? எழுந்து போய் வால்வைப் பாப்பேன். மூடித்தான் இருக்கும். திரும்ப வந்து படுத்ததும், மூடியிருந்ததை நிஜமாவே பாத்தேனா, பாத்ததா நெனச்சுக்கிட்டேனான்னு அடுத்தது ஆரம்பிக்கும்.

இதை எங்க ஆளுங்ககிட்ட சொன்னா எல்லார்கிட்டயும் ஒரே மருந்துதான் இருக்கு. "கவலைப்படாதீங்க பிரதர், விசுவாசிங்க." வாட்ஸ்அப்புல ரோசாப்பூ படத்து மேல வசனம் எழுதி அனுப்புவாங்க. அனுப்புறவங்க நல்லவங்கதான், குத்தம் சொல்லல. ஆனா கொஞ்சம் கண்டிப்பானவங்க அடுத்த படிக்குப் போயிடுவாங்க: கவலைப்படறதே அவிசுவாசம், அவிசுவாசம் பாவம். ஆச்சா? இப்ப எனக்கு கேஸ் வால்வு கவலை, கடன் கவலை, கூடவே கவலைப்படறோமேங்கிற கவலை. ரெண்டா இருந்தது மூணாச்சு.

ஜெபம் பண்ணினா கவலை குறையும்னு நானும் நம்பறேன். அனுபவிச்சும் இருக்கேன். ஆனா "கவலைப்படாதே"ன்னு ஒருத்தரை அதட்டுறதுக்குப் பேரு ஜெபம் இல்ல. இந்த ரெண்டையும் நாம குழப்பிக்கிட்டதால எங்க வீட்டுலயே ஒரு உயிர் போகப் பாத்துச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க ஆச்சியைப் பத்திச் சொல்லணும். ஏன்னா ஜெபம்னா என்னன்னு நான் பாத்தது அவகிட்டதான்.

ஆச்சி ஊரு மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்துல, செம்மண் தேரியை ஒட்டின ஒரு கிராமம். தாத்தா பனையேறி. சீசன் வந்துட்டா விடியறதுக்கு முந்தியே பாளை அருவா, கலயம் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாங்க. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா ஒவ்வொரு பனையா ஏறி பாளை சீவணும். ஒருநாள் விட்டாலும் பாளை வீணாப் போயிரும். ஆச்சி விடிலியில பதனிய காய்ச்சி கருப்பட்டி ஊத்துவா. புருஷன் தெனமும் முப்பது நாப்பது தடவை சாவுக்கும் உசிருக்கும் நடுவுல ஏறி எறங்குற பொழப்பு அது. இதுல "கவலைப்படாதே"ன்னு அவகிட்ட யாராவது போய் சொல்லியிருந்தா விறகுக் கட்டையை எடுத்திருப்பா.

கோடை லீவுக்குப் போகும்போது நாங்க பேரப்பிள்ளைங்க எல்லாம் வரிசையா ஓலைப்பாயில படுத்துக் கெடப்போம். நாலு மணிக்கு தாத்தா படலைத் திறந்துட்டுப் போற சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் அடங்கினதும் ஆச்சி முழங்கால் போட்டுருவா. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். பெரிய வார்த்தையெல்லாம் அவ ஜெபத்துல வராது. உபதேசியார் பண்ற ஜெபத்துல வர்ற மாதிரி "சர்வ வல்லமையுள்ள"ன்னெல்லாம் ஆரம்பிக்க மாட்டா. பக்கத்து வீட்டு ஆள்கிட்ட பேசற மாதிரி நேரா விஷயத்துக்கு வந்துருவா.

"ஆண்டவரே, வடக்கால நிக்க கோணப்பனை இருக்குல்லா, அது தலை ஒரு மாதிரி பட்டுப்போய்த் தெரியுது. ஏறாதியன்னு சொன்னா அவுக கேக்க மாட்டாக. நீரு பாத்துக்கிடும். வட்டிக்காரருக்கு இன்னும் நாப்பது ரூவா நிக்கி, ஆடிக்குள்ள குடுக்கணும். மூத்தவனுக்கு மெட்ராசுல இருந்து கடுதாசி வரல. இந்த சின்னப்பய நேத்து ராத்திரி இருமுனான், கேட்டீரா?"

சின்னப்பய நான்தான். கடவுள்கிட்ட என் இருமல் போய்ச் சேர்ந்திருச்சுன்னு தெரிஞ்சதும் சுகமா தூக்கம் வரும் பாருங்க, அந்தத் தூக்கம் இப்ப எங்க காசு குடுத்தாலும் கிடைக்காது.

கணக்கெழுதற தொழிலுக்கு வந்தப்புறம்தான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. ஆச்சி பண்ணினது ஜெபம்னு சொல்றதைவிட பேரேடு எழுதறதுன்னு சொல்லலாம். ஒவ்வொரு கவலைக்கும் பேரு, இடம், தொகை, தேதி. "எல்லாரையும் ஆசீர்வதியும்"னு மொத்தமா ஒரு வரியில முடிக்கிற வேலையே கிடையாது. ராத்திரி ரெண்டரை மணிக் கவலை நம்மளைக் கொல்றதுக்குக் காரணமே அதுக்கு உருவம் இல்லாததுதான். நாப்பது ரூபா, ஆடி மாசம்னு சொல்லிட்டா அது நாப்பது ரூபா அளவுக்குச் சுருங்கிப் போயிரும்.

ஆமென் சொன்னதும் எந்திரிச்சு சாம்பலை அள்ளப் போயிருவா. அதுக்காகப் பயமே இல்லாத வீராங்கனைன்னு நெனச்சுராதீங்க. தாத்தா வர நேரமாச்சுன்னா வாசலுக்கும் விடிலிக்கும் நடந்துக்கிட்டேதான் இருப்பா. "ஆச்சி, அதான் ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சுல்லா, பின்ன எதுக்கு நடக்க?"ன்னு கேட்டேன் ஒருநாள். "சொல்லியாச்சு. விசாரம் போவணும்லாலே. அது மெதுவாத்தான் போவும்"னா.

இந்த "விசாரம்"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்கணும். எங்க பக்கம் கவலைக்கு அதான் பேரு. ஆனா "விசாரிக்கிறது"ன்னா ஒருத்தரைப் போய்ப் பாத்து நல்லது கெட்டது கேட்டு கவனிச்சுக்கிறது. ஒரே வேர்ச்சொல்லு. பவுல் ஜெயில்ல இருந்து பிலிப்பி ஊர் சபைக்கு எழுதின நிருபத்துல, 4ஆம் அதிகாரத்துல எதுக்கும் கவலைப்படாதீங்க, ஜெபத்துல சொல்லுங்கன்னு எழுதறார். எல்லாரும் மேற்கோள் காட்டுற இடம் அது. அங்க வர்ற கிரேக்க வினைச்சொல்லை அதே நிருபத்துல 2ஆம் அதிகாரத்துலயும் போட்டிருக்கார். ஆனா அங்க அது பாராட்டு! தீமோத்தேயு மாதிரி உங்களைப் பத்தி உண்மையா அக்கறைப்படறவன் எனக்கு வேற யாரும் இல்லங்கிற இடம். நம்ம தமிழ் வேதாகமத்துல மொழிபெயர்த்தவங்க முதல் இடத்துல "கவலை"ன்னும் ரெண்டாவது இடத்துல "விசாரிக்கிற"ன்னும் போட்டிருக்காங்க. ரெண்டாம் கொரிந்தியர் 11ல அடி உதை, கப்பல் சேதம்னு தான் பட்ட கஷ்டத்தை எல்லாம் அடுக்கிட்டு, கடைசியில சபைகளைப் பத்தின கவலை தெனமும் தன்னை நெருக்குதுன்னும் அவரே ஒத்துக்கிறார். கவலைப்படாதேன்னு சொன்ன அதே மனுஷர்!

அப்போ கவலைங்கிறது எங்கயோ வெளியில இருந்து வந்த பிசாசு இல்ல. நாம பாசம் வெச்ச இடத்துல இருந்து வர்றது. விசாரிப்பு திசை தெரியாம சுத்தினா விசாரம். பேதுரு எழுதின முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்துல, கவலையை எல்லாம் கடவுள் மேல போட்டுடுங்கன்னு சொல்ற இடத்துல, அவரை நம்மளை "விசாரிக்கிறவர்"னே தமிழ்ல சொல்லியிருக்கு. நம்ம விசாரத்தை எடுத்துட்டுப் போய் விசாரிக்கிறவர்கிட்ட குடுக்கறது. ஆச்சிக்கு கிரேக்கம் தெரியாது. கையெழுத்தே தட்டுத் தடுமாறித்தான் போடுவா. ஆனா இது தெரிஞ்சிருக்கு.

சரி, கதைக்கு வர்றேன். 1979, பங்குனி மாசம் முடியப் போற நேரம். தாத்தா பனையில இருந்து விழுந்துட்டாங்க. கோணப்பனையில இருந்து இல்ல. ஆச்சி ஒருநாள்கூட பேரு சொல்லாத, நெடுநெடுன்னு நல்லா நின்ன ஒரு பனையில இருந்து. இடுப்பு போச்சு. கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு ஏழு வயசு. அன்னைக்கு ராத்திரி பெரியவங்க எல்லாம் ஆஸ்பத்திரியில, பிள்ளைங்களுக்காக ஆச்சி மட்டும் வீட்டுல. நான் தூங்கவே இல்ல. எனக்கு இருந்தது ஒரே கேள்வி. நாலு மணிக்கு இவ என்ன பண்ணுவா? தெனமும் சொல்லிச் சொல்லி ஒப்படைச்சிட்டு இப்படி ஆயிப்போச்சே, இனிமே அவர்கூட பேசுவாளா?

நாலு மணி இருக்கும். முழங்கால் போட்டா. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும். அப்புறம் சொன்னா:

"ஆண்டவரே, இடுப்புன்னு சொல்லுதாவ."

மேல என்ன சொன்னான்னு எனக்கு நினைவில்ல. பேரேட்டுல புதுப் பக்கம் திறந்துட்டா, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. தாத்தா அதுக்கப்புறம் பனையேறவே இல்ல. ஆச்சி ஓலைப்பெட்டி முடைஞ்சு வித்துக் குடும்பத்தை ஓட்டினா. நாலு மணி ஜெபம் நிக்கல. பனைகளோட பேரு மட்டும் அதுல இருந்து போயிருச்சு.

எங்க சபைகள்ல சாட்சி சொல்றதுன்னு ஒண்ணு உண்டு. ஜெபிச்சேன், கடன் அடைஞ்சுது. ஜெபிச்சேன், விசா வந்துச்சு. ஜெபிச்சேன், ஸ்கேன்ல கட்டி காணாமப் போயிருச்சு. கேக்க சந்தோஷமாத்தான் இருக்கும். ஆனா ஜெபிச்சும் கடன் அடையாதவன் எந்த ஞாயித்துக்கிழமை மைக்கைப் பிடிக்கிறது? அவன் கடைசி பெஞ்சுல உக்காந்து, எனக்குத்தான் விசுவாசம் பத்தல போலருக்குன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான். நியாயமா பாத்தா ஆச்சி சாட்சி சொல்லியிருக்கணும். "விழக்கூடாதுன்னு ஜெபிச்சேன், விழுந்துட்டாக, இன்னும் ஜெபிக்கேன்"னு. அதுக்கு யாரும் கைதட்டியிருக்க மாட்டாங்க.

வேதாகமம் இந்த விஷயத்துல நம்மளைவிட நேர்மையா இருக்கு. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்க. மத்த புலம்பல் சங்கீதங்கள்ல எல்லாம் எங்கயாவது ஒரு இடத்துல நம்பிக்கை எட்டிப் பாக்கும், இல்ல முடிவுலயாவது ஒரு ஸ்தோத்திரம் வரும். இதுல ஆரம்பத்துல இருந்து முடியறவரைக்கும் இருட்டுதான். கடைசி வார்த்தையே இருட்டைப் பத்தினதுதான். இதைப் போய் எதுக்கு வேதத்துல வெச்சாங்கன்னு சின்ன வயசுல தோணியிருக்கு. இப்ப தோணறது வேற. ரெண்டரை மணிக்கு முழிச்சுக்கிட்டு இருக்கறவனுக்கு மத்த 149ம் சரிப்படலைன்னா, அவனுக்கும் ஒண்ணு வேணும்ல.

இப்ப அக்கா விஷயம். அவகிட்ட கேட்டு, அவ படிச்சுப் பாத்து "போடு"ன்னு சொன்னப்புறம்தான் போடறேன்.

அக்கா பாளையங்கோட்டையில இருக்கா. பள்ளிக்கூட டீச்சர். ஆச்சியோட ஜெபமும் எங்க அம்மாவோட பயமும் சேந்து அவகிட்ட வந்திருக்கு. 2018ல மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனதுல இருந்து ஆரம்பிச்சுது. போன் எடுக்கலைன்னா படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டுறது. இதயத்துல கோளாறுன்னு நெனச்சு எல்லா டெஸ்ட்டும் எடுத்து, கடைசியில ஒரு மனநல டாக்டர்கிட்ட போனாங்க. அவர் மாத்திரை குடுத்தார். ஒண்ணரை மாசத்துல நல்லா தேறிட்டா. தூங்க ஆரம்பிச்சா, சமைக்கும்போது பாட ஆரம்பிச்சா. அத்தான் போன் பண்ணி "உங்க அக்கா பாடுதாடே"ன்னு சொன்னாங்க.

அப்பதான் வீட்டு ஜெபத்துக்கு ஒரு அம்மா வந்தாங்க. யாரு எவருங்கிறது வேண்டாம், கெட்ட எண்ணம் உள்ளவங்க இல்ல. மேஜை மேல மாத்திரை அட்டையும் பைபிளும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு. பாத்துட்டு அவங்க கேட்டாங்களாம், "டீச்சர், இதுல நீங்க எதை நம்புதீங்க?"

எவ்வளவு அழகான கேள்வி பாருங்க. எவ்வளவு விஷமான கேள்வி! அக்கா அன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திட்டா. யார்கிட்டயும் சொல்லல. அந்த மாதிரி மாத்திரையை டாக்டரைக் கேக்காம டக்குனு நிறுத்தவே கூடாது. மெதுவா, அளவைக் குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும். அது அவளுக்கும் தெரியும். ஆனா விசுவாசப் பரீட்சைன்னு வந்தப்புறம் பார்மசி சீட்டு எங்க ஞாபகம் வரும்? தூக்கம் போச்சு. சாப்பாடு போச்சு. ஜெபம் பண்ணப் பண்ண, பதில் வரலைன்னா நம்மகிட்டதான் ஏதோ பாவம் இருக்குன்னு தோணித் தோணி, மூணு வாரத்துல ஆளே பாதியாயிட்டா. ஒருநாள் விடியக்காலம் அத்தான் முழிச்சுப் பாத்தா படுக்கையில ஆள் இல்ல. பின்வாசல்ல, கிணத்தடியில நின்னுக்கிட்டு இருந்திருக்கா. "என்ன பண்ணுத?"ன்னு கேட்டதுக்கு "சும்மாதான் நிக்கேன்"னாளாம்.

மணி நாலு. எங்க ஆச்சி முழங்கால் போடுற அதே நேரம்.

அன்னைக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறினேன். ரிசர்வேஷன் இல்ல, கக்கூஸ் பக்கம் உக்காந்துக்கிட்டுப் போனேன். விழுப்புரம் தாண்டினதும் ஜெபம் பண்ண ஆரம்பிச்சேன். ஜெபம்னு சொல்றேனே தவிர, முக்கால்வாசி சண்டை. கடவுள்கிட்ட பாதி, அந்த அம்மாகிட்ட பாதி. விருதுநகர் வர்றப்ப சண்டை தீந்து வெறும் அக்கா பேரு மட்டும்தான் வாயில இருந்துச்சு. காலையில போய் அவளைக் கூட்டிக்கிட்டு அதே டாக்டர்கிட்ட போனோம். அவர் திட்டல. "நிறுத்துனது எத்தனாம் தேதிம்மா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டார். தேதி, அளவு. ஆச்சி மாதிரியே.

எங்க சபைக்காரங்களுக்கு எலியா தீர்க்கதரிசி கதை ஞாபகப்படுத்தணும். ராஜாக்கள் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரம். முந்தின அதிகாரத்துலதான் வானத்துல இருந்து அக்கினி இறக்கினவரு. இப்ப யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து, போதும், என் உசிரை எடுத்துக்கோன்னு கேக்கறார். அதைவிடப் பெரிய அவிசுவாசம் இருக்க முடியுமா? தேவதூதன் வர்றான். வந்து என்ன பிரசங்கமா பண்ணினான்? தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னான். தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. அவர் சாப்பிட்டுட்டுத் திரும்பத் தூங்கிட்டார். தூதன் ரெண்டாந்தரம் எழுப்பி இன்னும் கொஞ்சம் சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம்னு சொன்னான். "இங்க உனக்கு என்ன வேலை?"ன்னு கடவுள் கேட்டதெல்லாம் அதுக்கு 40 நாள் கழிச்சு, ஓரேப் மலைக்குப் போன பின்னாடிதான். முதல்ல சாப்பாடு, தூக்கம், திரும்ப சாப்பாடு. அந்த அடைக்கும் பைபிளுக்கும் நடுவுல எதை நம்புறேன்னு எந்தத் தூதனும் கேக்கல. அடையை அனுப்பினவரே அவர்தானே!

மார்ட்டின் லுத்தர் கதை ஒண்ணும் இங்க சொல்லணும். கொஞ்சம் விலகிப் போறேன், பொறுத்துக்கோங்க. 1546 பிப்ரவரியில, 62 வயசுல, உடம்பு சரியில்லாம இருக்கும்போதே, மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களோட குடும்பத் தகராறைத் தீத்து வைக்க ஐஸ்லேபனுக்குப் போயிருந்தார். வீட்டுல மனைவி கத்தரீனா தூக்கமில்லாம கவலைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க. பிப்ரவரி 10ஆம் தேதி லுத்தர் அவங்களைக் கிண்டல் பண்ணி ஒரு கடிதம் எழுதறார். நீ கவலைப்பட ஆரம்பிச்சதுல இருந்துதான் இங்க என் ரூம் வாசல்ல தீப்பிடிக்குது, மேல இருந்து கல்லு விழப் பாக்குது, நீ கவலைப்படறதை நிறுத்தலைன்னா பூமியே எங்களை முழுங்கிடும் போலங்கிற ரீதியில. என்னை உன்னைவிட நல்லா பாத்துக்கறவர் ஒருத்தர் இருக்கார்னு அதுக்கு மூணு நாள் முந்தி வேற எழுதியிருந்தார். படிச்சா சிரிப்பு வரும். ஆனா அந்த 10ஆம் தேதியில இருந்து எட்டாவது நாள், 18ஆம் தேதி, அங்கயே செத்துப் போனார்.

கத்தரீனா அவருக்கு எழுதின கடிதம் ஒண்ணுகூட இன்னைக்கு நமக்குக் கிடைக்கல. இருந்திருந்தா அதைத்தான் நான் விரும்பிப் படிப்பேன். லுத்தர் சொன்னது தப்புன்னு சொல்ல வரல. விசாரிக்கிறவர் இருக்கார்ங்கிறது உண்மைதான். ஆனா வீட்டுல உக்காந்துக்கிட்டு இருந்தவளோட பயமும் உண்மையாத்தான் இருந்துச்சு. கிண்டல் பண்ணிப் போகக்கூடிய பயம் இல்ல அது.

நான் இப்ப என்ன பண்றேன்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு 80 பக்க ரூல்டு நோட்டு. ரெண்டரைக்கு முழிப்பு வந்தா அடுக்களையில போய் உக்காந்து தேதி போட்டு எழுதறது. "வேலை: மார்ச்ல ஆள் குறைப்பாங்களாம், அக்கவுண்ட்ஸ்ல நாலு பேர்ல ரெண்டு பேர். மச்சம்: சனிக்கிழமை டாக்டர்." எழுதினதை மெதுவா வாசிச்சு அவர்கிட்ட சொல்லிடறது. பரமண்டல ஜெபத்துல ரொட்டி கேக்கற இடத்துல இன்னைக்கு உள்ளதை மட்டும்தான் கேக்கச் சொல்லியிருக்கு. வனாந்தரத்துல மன்னா பொறுக்கினவங்களும் மறுநாளைக்குன்னு எடுத்து வெச்சப்ப அது புழுத்து நாறிப் போச்சு. அதனால நோட்டுல மார்ச் மாசத்தை எழுதினாலும், கேக்கும்போது இன்னைக்கு ஆபீஸ்ல கைநடுங்காம உக்காந்து வேலை பாக்க மட்டும் கேட்டுக்கறேன். எல்லா நாளும் தூக்கம் வருதான்னா, வரல. பாதி நாள் வருது. எழுதினதுல சிலது நடக்காமப் போச்சு, சிலது நடந்தே போச்சு. அப்பாவோட ரிப்போர்ட் 2011ல நான் பயந்த மாதிரியேதான் வந்துச்சு. ஆனா அந்தக் கடைசி நாலு மாசம், ராத்திரி அப்பா பக்கத்துல பயந்து ஓடாம உக்காந்திருக்க முடிஞ்சுது. அதுக்கு முந்தி இருந்த எனக்கு அது முடிஞ்சிருக்காதுன்னு எனக்கு நல்லா தெரியும்.

நம்ம நாத்திக நண்பர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு, "நோட்டுல எழுதறதுதானய்யா வேலை செய்யுது, நடுவுல அவரு எதுக்கு?"ன்னார். நியாயமான கேள்வி. எழுதினா பாரம் குறையும், அவருக்கும் குறையும், எனக்கும் குறையும். ஆனா எழுதி முடிச்சதும் அவர் நோட்டை மூடி தன்கிட்டயேதான் வெச்சுக்கணும். எனக்கு அதைக் குடுக்க ஒரு ஆள் இருக்கு. சின்னப்பய இருமுனது கேட்டுச்சான்னு ஆச்சி காத்துல கேக்கல, ஒருத்தர்கிட்ட கேட்டா. இதை என்னால நிரூபிக்க முடியாது. அவரும் சிரிச்சுட்டு டீக்குக் காசு குடுத்தார். அந்த அளவுக்கு நாங்க சிநேகம்.

நெகேமியா எருசலேம் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிங்க மிரட்டினாங்கன்னதும், ஜெபமும் பண்ணினாங்க, ராப்பகலா காவலும் வெச்சாங்கன்னு ஒரே மூச்சுல எழுதியிருக்கு. எனக்கு அது பிடிச்ச இடம். நான் வால்வைப் போய்ப் பாக்கறதை அவிசுவாசம்னு இப்ப யார் சொன்னாலும் நெகேமியாவைக் காட்டிடுவேன் :-) ஒருதரம் பாக்கறது காவல். அஞ்சுதரம் பாக்கறதுக்குத்தான் டாக்டர்.

அக்கா ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டா. அப்புறம் டாக்டரே மெதுவா குறைச்சு, இப்ப ராத்திரிக்குப் பாதி மாத்திரையில வந்து நிக்கி. போன மாசம் போயிருந்தப்ப பாத்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடி ஸ்தோத்திரம் சொல்ற மாதிரி, அந்தப் பாதி மாத்திரையை உள்ளங்கையில வெச்சுக் கண்ணை மூடி ஏதோ சொன்னா. அப்புறம் போட்டுத் தண்ணி குடிச்சா. "என்னத்த சொன்ன?"ன்னு கேட்டேன். "உனக்கு என்னத்துக்குலே அது, அது எனக்கும் அவருக்கும் உள்ளது"ன்னுட்டா.

நாளைக்கு மகளுக்கு இன்டர்வியூ. கிண்டி வரைக்கும் போகணும், 7.10 லோக்கலை விட்டா கஷ்டம். இப்ப மணி ராத்திரி 11.20. நோட்டுல எழுதியாச்சு, சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லியாச்சு. ரெண்டு போன்லயும் அலாரம் வெச்சாச்சு. வால்வை ஒருதரம் பாத்துட்டு வந்து படுக்கணும்.